கூட்டமில்லாத ஒரு நாள்

திருப்பூர்
5.10.2025, ஞாயிறு

மைதிலி அக்காவுக்கு,

நீங்கள் போன வாரம் அனுப்பிய படத்தில் முதலில் என் கண்ணில் பட்டது, உங்களுக்குப் பின்னால் சுவரில் தொங்கிய காலண்டர்தான்.

உங்கள் அம்மா போனை எடுத்துக்கொண்டு நம் காம்பவுண்டில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று காட்டினார்கள். "பாருங்க, எம் புள்ள ஜப்பான்காரியாவே ஆயிட்டா. கன்னம் எப்படி வெச்சிருக்குது பாருங்க!" என்றார்கள். இசக்கிமுத்து அண்ணன் கையில் ஒட்டிய தையல் மெஷின் ஆயிலைத் துடைத்துக்கொண்டே, "கன்னமா அது? ரெண்டு பன்னுல்லா ஒட்டி வெச்சிருக்கா" என்று சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் உங்கள் கன்னத்தைத்தான் பார்த்தார்கள். நான் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் உட்கார்ந்து துணியில் பழுது தேடிப் பழகியவள். எதைக் கொடுத்தாலும் ஓரத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.

அந்தக் காலண்டரில் ஒரு தெரு இறங்கிப் போகிறது. கல் படிகள், இரண்டு பக்கமும் மர வீடுகள், கடைசியில் அடுக்கடுக்காக ஒரு கோபுரம். மழை பெய்து ஓய்ந்த மாதிரி கல்லெல்லாம் ஈரம். ஒரு ஆள்கூட இல்லை. இப்படி ஒரு தெரு நிஜமாகவே இருக்கிறதா? நீங்கள் அதில் நடந்திருக்கிறீர்களா?

வாய்ஸ் மெசேஜ் போட்டால் காம்பவுண்டே சேர்ந்து கேட்கும். எனக்குப் பேசவும் வராது, உங்களுக்கே தெரியும். அதனால் கட்டிங் டேபிளில் மிஞ்சிய பேப்பரில் எழுதி, என் போனில் படம் எடுத்து அனுப்புகிறேன். நீங்களும் எழுதியே அனுப்புங்கள்.

நம் காம்பவுண்டிலிருந்து விமானம் ஏறிய ஒரே ஆள் நீங்கள். அந்தப் பெருமை எனக்கும் கொஞ்சம் உண்டு.

ரிஃபானா

*

9 அக்டோபர்

ரிஃபானா அம்மிணிக்கு,

நிஜத் தெருதான். கியோத்தோ நகரத்தில் ஹிகாஷியாமா என்கிற பகுதி. மலையடிவாரம் முழுக்கக் கோயில்கள். நான் இருக்கும் ஊரிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். நான் போனதில்லை. வந்து ஆறு மாதமாகிறது. நான் வேலை செய்யும் முதியோர் இல்லம், என் அறை, முக்கில் இருக்கும் மளிகைக் கடை, இவ்வளவுதான் நான் பார்த்த ஜப்பான்.

உன்னிடம் ஒன்று சொல்கிறேன். கத்தாதே. நீ கத்த மாட்டாய், அதனால்தான் உன்னிடம் சொல்கிறேன். நான் திரும்பி வந்துவிடப் போகிறேன்.

யாரும் என்னைக் கொடுமை செய்யவில்லை. எல்லோரும் குனிந்து வணக்கம் சொல்கிறார்கள். தப்புச் செய்தால்கூட மெதுவான குரலில் இன்னொரு தடவை காட்டிக் கொடுக்கிறார்கள். முதியவர்களைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, ஊட்டிவிட்டு, ராத்திரி அறைக்கு வந்து கதவைச் சாத்தினால் என் மூச்சு மட்டும்தான் கேட்கிறது. சுவர் அட்டை மாதிரி. அழுதால் பக்கத்து அறைக்குக் கேட்குமோ என்று தலையணையைக் கடித்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தலை சீவி, சிரித்து, படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்புகிறேன்.

அம்மாவிடம் என்னால் சொல்ல முடியவில்லை. "நல்லாருக்கியா கண்ணு?" என்று கேட்டதும் வாய் தானாக "நல்லாருக்கேன்" என்கிறது. நீ சொல்லிவிடு. மைதிலி வருகிறாள் என்று மட்டும் சொன்னால் போதும். அவர் கத்தி முடித்த பிறகு நான் பேசிக்கொள்கிறேன்.

மைதிலி

*

திருப்பூர்
14.10.2025

அக்கா,

மூன்று தடவை போனேன்.

முதல் தடவை உங்கள் அம்மா மாவாட்டிக்கொண்டிருந்தார்கள். "வா கண்ணு, ஏன் வாசல்லயே நிக்கிற? என்ன வேணும், சொல்லு" என்றார்கள். "அம்மா கறிவேப்பிலை கேட்டாங்க" என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது தடவையும் அதேதான் வாயில் வந்தது. மூன்றாவது தடவை அவர்களே கொத்தாக உருவிக் கையில் வைத்து, "உங்கூட்டுல என்ன, கறிவேப்பிலையிலயே சோறு ஆக்குறீங்களா?" என்று கேட்டார்கள். எங்கள் அம்மா இப்போது கறிவேப்பிலைப் பொடி அரைத்து வைத்திருக்கிறார்கள்.

என்னால் முடியவில்லை அக்கா. மன்னியுங்கள். ஆனால் சொல்ல மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒன்று கேட்கிறேன். அரை மணி நேரத்தில் அந்தத் தெரு இருக்கிறது என்கிறீர்கள். அதைப் பார்க்காமலே வந்துவிட்டால், இங்கே எல்லோரும் ஜப்பான் எப்படி இருந்தது என்று கேட்பார்களே, மளிகைக் கடை நன்றாக இருந்தது என்றா சொல்வீர்கள்?

ஒரே ஒரு நாள் போய் நடந்துவிட்டு வாருங்கள். எந்த நாள், எந்த வழி, எங்கே உட்காருவது, எல்லாவற்றையும் நான் பார்த்துச் சொல்கிறேன். போனில் அந்தத் தெருவுக்குள்ளேயே நடக்கிற மாதிரிப் படம் இருக்கிறது. நான்கு நாளாகப் பார்க்கிறேன். அந்த நாள் முடிந்த பிறகும் வர வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், நான் உங்கள் அம்மாவிடம் சத்தியமாகச் சொல்கிறேன்.

ரிஃபானா

*

17 அக்டோபர்

ரிஃபானா,

நான் உதவி கேட்டேன். நீ சுற்றுலா ஏற்பாடு செய்கிறாய். தனியாகப் பஸ் ஏறிப் பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும்கூடப் போகாதவள் எனக்கு வழி காட்டுகிறாளாம்!

சரி. கறிவேப்பிலைக்காக ஒத்துக்கொள்கிறேன். மூன்று தடவை படித்தேன், மூன்று தடவையும் சிரித்தேன். அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது புதிதாக இருந்தது.

ஒரு நாள். ஒன்றே ஒன்று. எந்த நாள் என்று நீயே சொல், டியூட்டி மாற்றிக் கேட்டுப் பார்க்கிறேன். கூட்டம் இருந்தால் போக மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன். இந்த ஊர் ஆட்கள் நடுவில் வழி தெரியாமல் நின்று முழிக்க என்னால் ஆகாது.

மைதிலி

*

திருப்பூர்
22.10.2025

அன்புள்ள அக்கா,

உங்களுக்கு முன்னால் நான் ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டேன்.

போன் சொன்ன தூரம் எனக்கு நம்பிக்கையாக இல்லை. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட என்றால் கால் வலிக்குமா, எங்கே தாகம் எடுக்கும், அதெல்லாம் போனில் இல்லை. தீபாவளியன்று கம்பெனி லீவு. அம்மாவிடம் பொய் சொல்லவில்லை, "மைதிலியக்காவுக்காக நடக்கப் போறேன்" என்றேன். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "காய்ச்சல் இல்லையே?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள்.

அக்கா, நம் ஊர் அவ்வளவு அழகாக இருந்தது! இசக்கிமுத்து அண்ணன் முந்தின நாளே தென்காசிக்குப் போய்விட்டார். ஒடிசாக்காரர்கள், பீகார்காரர்கள் எல்லோரும் அதற்கும் முன்னாலேயே ரயில் ஏறிவிட்டார்கள். குமரன் ரோட்டின் நட்டநடுவில் ஒரு நாய் மல்லாந்து படுத்திருந்தது. கடையெல்லாம் மூடியிருந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை என்பதால் நான் எல்லாவற்றையும் பார்த்தேன். ஒரு கட்டடத்தின் நெற்றியில் இரண்டு சிமெண்ட் மயில்கள் இருக்கின்றன, உங்களுக்குத் தெரியுமா? தினமும் கம்பெனி வேனில் அதன் கீழேதான் போகிறேன்.

நொய்யல் பாலத்தில் தொடங்கினேன். அதுதான் அங்கே நீங்கள் தொடங்கப் போகும் கியோமிசு கோயில் என்று வைத்துக்கொண்டேன். ஸ்டேஷன் தாண்டி மேம்பாலம் ஏறும்போது மூச்சு வாங்கியது. அங்கே நீங்கள் கல் படியில் இருப்பீர்கள். ஆனால் உங்களுக்கு அது இறக்கம், கவலை இல்லை. புஷ்பா ரவுண்டானா வந்தபோது நீங்கள் அந்த அடுக்குக் கோபுரத்தின் அடியில் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணாந்துகூடப் பார்த்தேன். ஒரு ஜட்டி விளம்பரம் இருந்தது.

இனி உங்கள் வழி.

காலையில் முதலில் கியோமிசு கோயில். தெளிந்த நீர் என்று அர்த்தமாம். ஆறு மணிக்கே திறந்துவிடுகிறார்கள். மலைச் சரிவில் ஆணியே அடிக்காமல் மரத்தூண்களைக் கோத்து ஒரு மேடை கட்டியிருக்கிறார்கள். அதில் நின்றால் கீழே மரங்களின் தலைதான் தெரியும். நவம்பரில் இலையெல்லாம் சிவந்திருக்கும். என்ன சிவப்பு என்று சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. கம்பெனியில் ஒரே சிவப்பில் எத்தனை ஷேடு பார்த்திருக்கிறேன், அந்த நிறம் ஒரு துணியிலும் வந்ததில்லை.

அங்கிருந்து சன்னென்சக்கா என்கிற படித் தெரு. காலண்டரில் இருக்கிற படிகள் இந்தப் பக்கம்தான். இதில் தடுக்கி விழுந்தால் மூன்று வருடத்தில் இறந்துபோவார்கள் என்று ஒரு பேச்சு உண்டாம். தயவுசெய்து வழுக்காத செருப்பு போடுங்கள். பிறகு அதே மாதிரி இன்னொரு தெரு, நினென்சக்கா. ஒரு கிளைச் சந்தில் திரும்பினால் அந்தக் கோபுரம். அப்படியே வடக்கே மர வேலிகள் போட்ட நீளமான தெரு, ஒரு பூங்கா, கடைசியில் சியோன்-இன் கோயில் வாசல். படிக்கட்டின் அடியில் நின்று அந்த வாசலைப் பாருங்கள். மூன்று மாடி உயரத்துக்கு மேல் இருக்கும் போல. வெறும் வாசலுக்கே இவ்வளவு பெருமை என்றால் உள்ளே இருக்கும் சாமிக்கு எவ்வளவு இருக்கும்! அங்கே உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

நாள்: நவம்பர் 23, ஞாயிறு. நன்றாக யோசித்துத்தான் எடுத்தேன். அன்று அங்கே உழைப்பவர்களுக்கு நன்றி சொல்லும் நாளாம், நாடு முழுக்க விடுமுறை. வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள். நம் குமரன் ரோடு மாதிரி, அந்தக் காலண்டர் மாதிரி, தெரு முழுக்க உங்களுக்குத்தான். வழி கேட்கவும் வேண்டாம், முழிக்கவும் வேண்டாம்.

ரிஃபானா

*

27 அக்டோபர்

அம்மிணி,

உன் கடிதத்தை மூன்று நாளாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருக்கிறேன். பிரிண்ட் எடுத்துவிட்டேன்.

நீ தனியாக நடந்தாயா? நீயா? எங்கள் கல்லூரியில் டூர் கூட்டிப்போன வாத்தியார்கள்கூட இப்படி ஒரு வழி சொன்னதில்லை. அந்த மயில்களை நானும் பார்த்ததில்லை. திருப்பூரில் பிறந்தவள், இருபத்திரண்டு வயது, வெட்கமாக இருக்கிறது.

23-ஆம் தேதி கிடைத்துவிட்டது. புத்தாண்டு அன்று நான் வேலை செய்கிறேன் என்று ஒத்துக்கொண்டு மாற்றினேன். ஹிகாஷியாமா போகிறேன் என்றதும் கூட வேலை செய்யும் ஓகாவா-சான், "இருபத்து மூன்றிலா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுக் கையால் முகத்துக்கு விசிறிக்கொண்டார். குளிர்காலம் வரும்போது எதற்கு விசிறுகிறார் என்று புரியவில்லை. இவர்கள் சைகை பாதி எனக்குப் புரிவதில்லை.

சாப்பாட்டுக்கு எலுமிச்சை சாதம் கட்டிக்கொள்கிறேன். கறிவேப்பிலை இல்லாமல்.

மைதிலி

*

திருப்பூர்
20.11.2025

அக்கா,

மழை இல்லை என்று போன் சொல்கிறது. ஆனாலும் குடை எடுங்கள். ரயில் நிலையத்தில் பஸ் ஏறிக்கொள்ளுங்கள், ஆறரைக்குள் போய்ச் சேருங்கள். நான் அன்று உங்கள் நேரத்துக்கே எழுந்துகொள்வேன். ஒவ்வொரு இடமும் வரும்போது இங்கே நினைத்துக்கொள்வேன்.

உங்கள் அம்மாவிடம் நீங்கள் கோயில் பார்க்கப் போவதை மட்டும் சொன்னேன். "சாமிக்குத் தேங்காய் ஒடைக்கச் சொல்லு" என்றார்கள். அங்கே உடைப்பார்களா தெரியவில்லை.

ரிஃபானா

*

23 நவம்பர், கியோத்தோ ஸ்டேஷன் படிக்கட்டு

ரிஃபானா,

தெரு முழுக்க எனக்குத்தான் என்றாயே. வந்து பார்.

ஜப்பான் மொத்தமும் இங்கேதான் நிற்கிறது. இன்று விடுமுறை என்பதால்தான் நிற்கிறது! சிவந்த இலையைப் பார்க்க நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வந்திருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வேறு. கோயிலுக்குப் போகும் பஸ்ஸுக்கு வரிசை ஸ்டேஷனைச் சுற்றி வளைந்து போகிறது. நம் தீபாவளிக்கு முந்தின நாள் மதுரை பஸ் மாதிரி. இரண்டு பஸ் என் மூக்குக்கு நேரே கதவை மூடிக்கொண்டு போய்விட்டன. இந்தக் கூட்டப் புழுக்கத்தைத்தான் ஓகாவா-சான் விசிறிக் காட்டினார் என்று இப்போது புரிகிறது.

என்னிடம் இருந்தது ஒரு நாள். அதை உன் கையில் கொடுத்தேன்.

திரும்பிப் போகிறேன். நீ சத்தியம் செய்திருக்கிறாய். அம்மாவிடம் போய்ச் சொல். கறிவேப்பிலை வாங்காமல்.

மைதிலி

*

திருப்பூர்
25.11.2025

அக்கா,

உங்கள் கடிதம் வந்ததும் போனை அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடிவிட்டேன். இன்றுதான் எடுத்தேன்.

தப்பு என்னுடையது. நம் ஊருக்கு எல்லோரும் வேலைக்குத்தான் வருகிறார்கள். பார்க்க என்று யாரும் வருவதில்லை. விடுமுறை என்றால் ஊரை விட்டுப் போவது என்றுதான் பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். விடுமுறை விட்டதும் எல்லோரும் வந்து நிறைகிற ஊர் ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க வெட்கம். அந்த வெட்கத்துக்கு உங்கள் ஒரு நாள் போய்விட்டது.

நாளை வேலை முடிந்ததும் உங்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன். சத்தியம்.

ரிஃபானா

*

26 நவம்பர்

பொறு! போகாதே. முழுவதும் படித்துவிட்டு அப்புறம் போ.

நான் திரும்பிப் போகவில்லை. அந்தக் கடிதத்தை அனுப்பிவிட்டு எழுந்தேன், ரயிலடிக்குப் போக வேண்டியவள், கூட்டம் எந்தப் பக்கம் நகர்ந்ததோ அந்தப் பக்கம் போய்விட்டேன். உன்மேல் இருந்த கோபத்தில் வேகமாக நடந்தேன். பஸ்ஸே வேண்டாம் என்று கோயில் வரைக்கும் நடந்தேன்.

மேடையில் நிற்க இடம் கிடைத்தது ஒரு நொடி. சிவப்பைப் பற்றி நீ எழுதியது குறைவு. அதற்குள் பின்னால் இருந்தவர்கள் தள்ளிவிட்டார்கள். தள்ளினார்கள் ரிஃபானா! முதுகில் ஒரு பை, விலாவில் ஒரு முழங்கை. இந்த நாட்டில் ஏழு மாதமாக யாரும் என்னை இடித்ததில்லை.

சன்னென்சக்காவில் படியே தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. நீ எழுதிய மூன்று வருடப் பேச்சு நினைவு வந்து, விழுந்துவிடக் கூடாதே என்று குனிந்து காலைப் பார்த்தபடி நின்றேன். கயிறு பிடித்துக் கூட்டத்தை ஒழுங்கு செய்யும் ஆள் ஒருவர் நேராக என்னைப் பார்த்து, "நிற்காதீர்கள்! நடங்கள்! உங்களைத்தான்!" என்று கத்தினார். என்னைத் திட்டினார். அம்மா கடைத்தெருவில் வைத்துத் திட்டுவதைப் போலவே, ஊருக்கே கேட்கும்படி. அவர் சொன்னது ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. யோசித்து மொழிபெயர்க்காமல் அப்படியே புரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன்னால் ஒரு அம்மா தன் மகளை, "வீட்டிலேயே ஒன்றுக்குப் போய்விட்டு வா என்றேனா இல்லையா?" என்று வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். குழந்தை வீறிட்டது. எங்கோ எதையோ சுட்ட வாசனை. நம் காதர்பேட்டைக் கடைவீதி ஞாயிற்றுக்கிழமை மாதிரி இருந்தது.

கோபுரத்தை அண்ணாந்து பார்த்தேன். உனக்கு ஜட்டி விளம்பரம் தெரிந்தது ஞாபகம் வந்து மறுபடி சிரித்தேன்.

சியோன்-இன் வாசலுக்குப் போனபோது மதியம் ஆகிவிட்டது. நீ சொன்ன மாதிரி படிக்கட்டின் அடியில் நின்று பார்த்தேன். அவ்வளவு பெரிய மரவாசலை நான் பார்த்ததே இல்லை. அதன் கீழே மனிதர்கள் பருத்தி விதை மாதிரி சிந்திக் கிடந்தார்கள். ஓரமாக உட்கார்ந்து சாதத்தைப் பிரித்தேன், அழுகை வந்தது. நான் அடக்கவில்லை. அத்தனை பேர் பேச்சில் யாருக்குக் கேட்கப் போகிறது? சத்தம் போட்டு அழுதேன், ஏழு மாதத்துக்கும் சேர்த்து. அழுதுகொண்டே சாப்பிட்டேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு அந்தப் படிகளில் ஏறினேன்.

காலித் தெருவாக இருந்திருந்தால் என் அறையில் இருப்பது போலவே அங்கேயும் இருந்திருப்பேன் என்று நினைக்கிறேன். அதற்காக உன் தப்பு சரியாகிவிடாது. அடுத்த தடவை யாரையாவது கேள்.

ஒரு நாள் நடந்ததில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. நேற்றும் அறையில் மூச்சுச் சத்தம் மட்டும்தான். ஆனால் ஒன்று விளங்கிவிட்டது. எனக்குத் தாங்க முடியாமல் இருப்பது இந்த ஊர் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்குச் சிரிப்பதுதான். நான் அழுவது அம்மாவுக்குத் தெரிந்தால், நான் இங்கே இருப்பேன். எத்தனை நாள் என்று தெரியாது, ஏப்ரல் வரைக்குமாவது இருப்பேன். தெரியாவிட்டால் வந்துவிடுவேன். வேறு வழி இல்லை.

அதனால் உன் சத்தியத்தை மாற்றிக் கேட்கிறேன். மைதிலி வருகிறாள் என்று சொல்லாதே. மைதிலி அழுகிறாள் என்று சொல். முன்னதைவிட இதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும். நானே சொல்லலாம் என்று முந்தாநாள் போன் போட்டேன். "நல்லாருக்கியா கண்ணு?" என்றார். "நல்லாருக்கேன்" என்றேன்.

மைதிலி

*

திருப்பூர்
30.11.2025, ஞாயிறு

மைதிலி அக்கா,

வியாழக்கிழமை ராத்திரி உங்களுக்கு வந்த போனுக்கு முன்னால் இங்கே நடந்தது இது.

வேனை விட்டு இறங்கியதும் எங்கள் வீட்டுக்குப் போகவில்லை, போயிருந்தால் வந்திருக்க மாட்டேன். நேராக உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "கறிவேப்பிலை அந்தக் கூடையில இருக்குது கண்ணு, எடுத்துக்க" என்றார்கள்.

"வேண்டாங்க பெரீம்மா" என்றேன்.

"பின்னே?"

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவர்கள் திரும்பி, கரண்டியோடு என் முகத்தைப் பார்த்தார்கள். அப்புறம் அவர்களாகவே கேட்டார்கள், தினமும் என்னிடம் கேட்பதைத்தான். "உங்கக்கா எழுதுனாளா? நல்லாருக்காள்ல எம் புள்ள?"

இத்தனை நாளும் அதற்கு நான் தலையைத்தான் ஆட்டியிருக்கிறேன்.

"இல்லீங்க பெரீம்மா. ராத்திரியில தலகாணியக் கடிச்சுக்கிட்டு அழுகுறாங்களாம். உங்ககிட்டச் சொல்ல முடியலைன்னு சொன்னாங்க."

தோசை கருகிற்று. நான் போய் அடுப்பை அணைத்தேன். அலமாரியிலிருந்த அவர்கள் போனை எடுத்து உங்கள் எண்ணை அழுத்தி, கரண்டியை வாங்கிக்கொண்டு போனை அவர்கள் கையில் கொடுத்தேன். மணி அடிக்கும் சத்தம் கேட்டதும் வெளியே வந்து, கதவைச் சாத்தினேன்.

ரிஃபானா